கையெழுத்து பொருந்தவில்லை

திலகர் திடல் ஞாயிற்றுச் சந்தையில்
செத்த ரிமோட்டுகளுக்கும் ஸ்பேனர்களுக்கும் நடுவே கிடந்தது.
எண்பது என்றார். நாற்பதில் நின்றேன்.
பணத்தை எண்ணி வாங்கிய பிறகு சொன்னார்:
"முள்ளு தங்கம்க்கா."
விலை படிந்த பின் சொல்வது
பொய்யாக இருக்காது.

உள்ளே ரப்பர் பை தாராய் உருகி ஒட்டியிருந்தது.
வெந்நீர், ஊசி, ஒரு முழு இரவு.
இங்க் ஃபில்லரின் ரப்பர் தலையைப் பிய்த்து மாட்டினேன்.
குடித்தது.

அழுத்தினால் முள் இரண்டாய்ப் பிரிகிறது.
முறித்துவிட்டேன் என்று பதறிக் கையை எடுத்தேன்.
சேர்ந்துகொண்டது.

கீழமாரட் வீதி மண்டியில்
பதினாறு வருடம் வெங்காயக் கணக்கு எழுதிய கைக்கு
அழுத்தம் என்றால் கார்பன்தான்,
மூன்றாம் பிரதி வரை இறங்கணும்.
இது அப்படியில்லை.
இறங்கும்போது மட்டும் பாரம்.
ஏறும்போது மூச்சைப் பிடித்து மயிரிழை.
மறந்து ஏற்றத்தில் அழுத்தினால்
காகிதத்தைக் குத்தி மை தெறிக்கும்.
மூன்று நைட்டிகள் சாட்சி.

சாய்த்து எழுதும் ஏதோ ஒரு பாஷைக்கு அடித்த முள்.
'ட'வின் மூலையில் முட்டி நின்றது.
'ப'வைச் சுவர் என்று நினைத்து முறைத்தது.
'ண'வுக்கு வந்த பிறகுதான்
அதற்கு ஊர் பிடித்தது:
முதல் சுழி மெலிந்து, அடுத்தது புடைத்து,
மூன்றாவதில் மை எட்டாமல்
இரண்டு கோடு மட்டும்.
தண்டவாளம் இருக்கிறது, ரயில் இல்லை.

எடைச் சீட்டுகளின் முதுகெல்லாம் என் பெயர்.
அங்கயற்கண்ணி.
எட்டு எழுத்து, மூன்று புள்ளி.
கடைசி 'ணி'யின் விசிறியை இறக்காமல்
பெயர் முழுவதையும் ஒரு சுற்றுச் சுற்றி
'அ'வின் காலடியில் கொண்டுவந்து விட
நாற்பது நாள் ஆனது.

செல்லூரில் ஒரு அறை பார்த்திருந்தேன்,
எனக்கு மட்டும்.
அட்வான்ஸ் பதினைந்தாயிரத்துக்குக் காசோலை.
அந்தச் சுற்றைப் போட்டேன்.
கீழே வரிசையாய் நிற்கும் வங்கி எண்களின்
தலையைத் தடவிவிட்டுத் திரும்பியது வால்.

நாலாம் நாள் திரும்பி வந்தது.
கையெழுத்து பொருந்தவில்லை.
அபராதம் நூற்று எழுபத்தேழு.

சிம்மக்கல் கிளையில் டெய்சிராணி
திரையை என் பக்கம் திருப்பினாள்.
ஷேர் ஆட்டோவில் ஒன்பதாவது ஆளாய் ஏறியது போல்
கட்டத்துக்குள் ஒடுங்கி 'அ.கண்ணி'.
கல்யாணம் முடிந்த வாரம் போட்டது.
"இது நீங்கதானே?"
"ஆமா."
"அப்ப இது?"
"அதுவும்."
"ரெண்டுல ஒண்ணு சொல்லுங்க.
சிஸ்டத்துல ஒண்ணுதான் ஏறும்."

நூலில் கட்டிய பால்பாயிண்ட்டை நகர்த்தினாள்.
நூல் முழங்கை வரைகூட எட்டவில்லை.
பையில் இருந்து என்னுடையதை எடுத்தேன்.

புது அட்டையில் மூன்று கட்டம்.
முதல் கட்டத்தில் ஒழுங்காக உட்கார்ந்தேன்.
இரண்டாவதில் வால் வெளியே போனது.
மூன்றாவது, இரண்டாவதன் வாலைப் பிடித்துக்கொண்டது.
வரிசையில் ஒருவர் "பரீட்சை எழுதுறாங்களா?" என்றார்.

"கட்டத்துக்கு வெளிய இருக்கறத
ஸ்கேனர் எடுக்காதுக்கா."
"எடுக்காட்டிப் போகுது."
அவள் ஏதோ சொல்ல வந்தாள்.
பிறகு குனிந்து,
ஈரம் காய ஊதினாள்,
தேவைக்கு மேல் கொஞ்ச நேரம்.

வங்கியில் இப்போது வால் நறுக்கிய நான்.
பரவாயில்லை. வால் என்னிடம் இருக்கிறது.

யானைக்கல் பாலத்தில் நடந்தேன்.
கீழே வைகை அன்றைக்கு
மேலேறும் கோடு.

வீட்டுக்காரர் முத்திருளாண்டி
புதுக் காசோலையை ட்யூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்தார்.
முன்னும் பின்னும் பார்த்தார்.
என் விரலில் இருந்த மையையும்
அதன் வெங்காய வாசனையையும்
சேர்த்துக் கணக்குப் பண்ணினார்.

"படம் வரஞ்ச மாதிரி இருக்கேம்மா.
பணம் ஏறுமா?"