புதன்கிழமை ஒத்திகை

சனிக்கிழமை எனக்கு.
ஒன்பது முதல் ஆறு வரை.
நீதிமன்றத் தாளில் அப்படித்தான் இருக்கிறது:
முத்திரை மங்கல், நேரம் மட்டும் தெளிவு.

விடின் நகரத்து ஆற்றோரப் பூங்காவுக்கு
யோவானாவை அழைத்துப் போகிறேன் என்று
தொலைபேசியில் சொன்னபோது
டெனிட்சா ஒரே ஒரு கேள்வி கேட்டாள்:
"அங்கே கழிப்பறை இருக்கிறதா?"

தெரியவில்லை.
பதினோரு வருடமாய் இதே ஊரில்
லாரிகளுக்கு பிரேக் மாற்றுகிறேன்.

அதனால் புதன்கிழமை அரைநாள் விடுப்பு.
ஒரு தாள், ஒரு பென்சில்,
நான்.

பேருந்து நிறுத்தத்திலிருந்து பூங்கா வாசல்வரை
என் காலுக்கு நானூற்றுப் பன்னிரண்டு எட்டு.
ஏழு வயதுக் காலுக்கு?
திரும்பிப் போய்
குட்டி எட்டாக வைத்து மறுபடி நடந்தேன்.
பெஞ்சில் சூரியகாந்தி விதை கொறித்த இருவர்
கொறிப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.
அறுநூற்றுச் சொச்சத்தில் எண்ணிக்கை தவறியது.

கழிப்பறை இருக்கிறது.
வாசலில் ஸ்தோயாங்கா என்றொரு அம்மாள்;
நோட்டை நீட்டினால் நோட்டோடு திருப்பி அனுப்புகிறாள்.
எழுதிக்கொண்டேன்: சில்லறை.
கீழே இரண்டு கோடு.

ஊஞ்சல் மூன்று. ஒன்று கிறீச்சிடுகிறது.
கிரீஸ் டப்பா எப்போதும் என் பையில் உண்டு, தடவினேன்.
தாங்குகிறதா என்று பார்க்க மட்டும்
(இதைத் தாளில் எழுதவில்லை)
உட்கார்ந்து ஆடினேன்.
எதிர்க்கரை ருமேனியா
மேலே வந்தது, கீழே போனது.

பன்னிரண்டு மணிக்குப் பாப்லர் நிழல்
பெஞ்சைக் கைவிட்டுப் புல்லுக்குப் போய்விடுகிறது:
விரிப்பு வேண்டும்.
கொசு உண்டு: நீளக்கைச் சட்டை.
சாப்பிட, பாலாடைக்கட்டி வைத்த பனித்சா.
அவளுக்குப் பிடிக்கும்.
பிடித்திருந்தது.
பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டேன்.

ஸ்தோயாங்காவின் வானொலியில்
டான்யூபின் நீர்மட்டம் வாசித்தார்கள்.
ஊர் ஊராக, சென்டிமீட்டர் சுத்தமாக,
நேற்றைவிட எவ்வளவு கூடுதல், எவ்வளவு குறைவு என்று.
என் மகளைப் பற்றி
யாரும் எனக்கு அப்படி வாசித்துக் காட்டுவதில்லை.
அவளுக்கு முன்பல் விழுந்ததே
மூன்று வாரம் கழித்துத்தான் தெரியும்.

"யாருக்காக இந்த அளவெடுப்பு?
மந்திரி யாராவது வருகிறாரா?" என்றாள்.
"அதைவிடப் பெரிய ஆள்."
"அப்படியானால் இரண்டு மணிக்குள் வரச்சொல்.
அப்புறம் குழாயில் தண்ணீர் நின்றுவிடும்."

அதையும் எழுதினேன்.

சனிக்கிழமை வந்தாள்.
ஊஞ்சலை ஒருமுறை பார்த்தாள்,
தெரியாத உறவினரைப் பார்ப்பதுபோல.
பனித்சாவில் பாலாடைக்கட்டியை மட்டும் தோண்டித் தின்றாள்.
ஸ்தோயாங்கா தலையை நீட்டி நீட்டிப் பார்த்ததுதான் மிச்சம்,
அந்தப் பக்கம் போகவே இல்லை.

படித்துறையின் கடைசிக் கல்லில் குந்திக்கொண்டு
"சில்லறை இருக்கா?" என்றாள்.
இருந்தது. நாள் முழுக்க
என் பையில் குலுங்கிக்கொண்டிருந்தது அதுதானே.

ஒரு காசைத் தண்ணீர் விளிம்பில் வைத்தாள்.
அதற்கு மேல் ஒன்று. அதற்கும் மேல் ஒன்று.
"தொடாதே. பார்."

பார்த்தோம்.
மணல் ஏற்றிய படகு ஒன்று போனது,
போகாததுபோல.
நாய் ஒன்று வந்து முகர்ந்துவிட்டுப் போனது.
தாளை அவள் என்னிடமிருந்து வாங்கி
பின்பக்கத்தில் படகுகளுக்குக் கோடு போட்டாள்.
அவளிடம் கேட்க வைத்திருந்த
ஒன்பது கேள்விகளில்
இரண்டைக் கேட்டேன். ஒன்றுக்குப் பதில் வந்தது.

நிழல் எங்கே போனதென்று நான் கவனிக்கவில்லை.

முதல் காசு நனைந்திருந்தது.
"ஏறியிருக்கு," என்றாள்.
"எவ்வளவு?"
"ஒரு காசு."

திரும்பும்போது சத்தமாக எண்ணிக்கொண்டே வந்தாள்.
வாசலிலிருந்து நிறுத்தம்வரை
ஆயிரத்து நூற்று நாற்பது.
ஒவ்வோர் எட்டிலும்
குதிகாலைப் பெருவிரலோடு ஒட்டி ஒட்டி வைத்து.
அவசரப்படுத்தவில்லை நான்.

ஐந்தே முக்கால் பேருந்து
எங்களைத் தாண்டிப் போனது.
அடுத்தது எப்போது என்று
தாளின் இரண்டு பக்கத்திலும் இல்லை.