நாலு பத்துக்கு அடைப்பு

பொதுப்பணித்துறையில் எனக்கு லஸ்கர் என்று பேர்.
பட்டாளத்து வார்த்தையாம் அது; அவர்தான் சொன்னார்.
இருபத்தாறு வருசமாக, அறச்சலூர்ப் பக்கம்,
கீழ்பவானி வாய்க்கால் மதகுச் சாவி
என் அரணாக்கயிற்றில்தான் தொங்குகிறது.

பிரிகேடியர் சென்னியப்பன்
பத்தொன்பது நாள் இந்த நாட்டுக்குப் பிரதமர்.
பனிமலையில் இரண்டு விரலை விட்டுவந்தவர்.
கட்சிகள் அடித்துக்கொண்ட நேரத்தில்
யாருக்கும் ஆகாதவர் என்பதாலேயே
எல்லோருக்கும் ஆனவர்.
ஈரோட்டில் அடித்த பிளெக்ஸை
கொடுமுடி ரோட்டில் கட்டி முடிப்பதற்குள்
டெல்லியில் தலைக்கணக்கு மாறிவிட்டது.
பதினாறு பேனரையும்
வெங்காயப் பட்டறை மூடக் கொண்டுபோனார்கள்.
அந்த வருச மழையில்
அவர் முகத்துக்கு அடியில் இருந்த வெங்காயம் அழுகவில்லை.

இன்னும் ஒரு நாள் கேட்டிருக்கலாம் என்றார்கள் டீக்கடையில்.
கேட்கவில்லை.
கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனா மூடியைத் தேடினார்.
டிவியில் அதை மட்டும்
திரும்பத் திரும்பக் காட்டினார்கள்.

தை மாதம். எங்கள் மடைக்கு முறைத்தண்ணி.
விடியக்காலம் மூன்றே முக்காலுக்கு டார்ச் வெளிச்சம்.
மண்வெட்டியோடு அவர்;
பின்னால் காவலுக்கு வந்த ஆள்,
ஷூவெல்லாம் சேறு, வரப்பில் கால் நிற்காமல்.
"எத்தனை மணிக்கு அடைக்கிறே?"
"நாலு பத்துக்குங்க."
கடிகாரத்தைப் பார்த்தார்.
கடலைக்காட்டைப் பார்த்தார். நாலு பாத்தி பாக்கி.
"ஒரு பத்து நிமிசம் தள்ளி அடையேன், ராக்கியண்ணா."

நாடே காதைக் கொடுத்துக் கேட்ட குரல்.
எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது.
கீழே, கடைமடையில்,
இன்னொருத்தர் டார்ச் அசைந்துகொண்டிருந்தது.
"முடியாதுங்க" என்றேன்.

கோபிக்கவில்லை. சிரிக்கவும் இல்லை.
"சரி" என்று வேட்டியை இன்னும் தூக்கிக் கட்டி
வரப்போடு ஓடினார், அறுபத்தெட்டு வயசில்.
ஷட்டர் இறங்கின பின்னாலும்
ஓடுகாலில் கொஞ்ச நேரம் தண்ணி போகும்.
அதற்கு என் நோட்டில் கட்டம் கிடையாது.
அது வருவதற்கு முந்திப் போய்
மண்ணை வெட்டி வெட்டி மடை மாற்றினார்.
மூன்று பாத்தி நனைந்தது.
நாலாவதில் பாதி.

நோட்டில் எழுதினேன்: 4.10 அடைப்பு.
நிசத்தில் 4.12.
யாராவது கேட்டால்,
திருகாணி துருப்பிடித்துக் கிடக்குதுங்க,
என்று சொல்லிக்கொள்வேன்.