ஒறம்பரை

வியாழக்கிழமை ராத்திரி வாளையாறு தாண்டி வந்தது,
கொச்சியில் இறங்கிய பெட்டிக்குள் ஒரு வெள்ளைக் கார்.
ஷெட்டுக்குள் அதுவாக உருண்டு வந்து நின்றபோது
வாசல் நாய் தலையைத் தூக்கவில்லை.
சத்தம் வந்தால்தானே குரைப்பது.

விற்க வந்ததல்ல. பிரிக்க வந்தது.
குறிச்சி சிட்கோவில் நீலத் தார்ப்பாய் விரித்து
ஒறம்பரையை உட்கார வைப்பதுபோல் வைத்து
முதலில் கதவுகளைக் கழற்றினோம்.

துண்டுக்குத் துண்டு நம்பர் ஒட்டுவான் ஜதின் நாயக்.
எடை போட்டு, உலோகம் பார்த்து,
எத்தனை நிமிஷத்தில் வார்த்திருப்பார்கள் என்று யூகித்து
விலை எழுதுவது நான்.
பதினாலு வருஷமாக எனக்கு இதுதான் சோறு,
அடுத்தவன் பண்டத்துக்கு அடக்கவிலை.

மோட்டார் ஒரு இட்லிக் குண்டா அளவுகூட இல்லை.
எங்கள் ஊர் உருண்டைக் கம்பியில் சுற்றுகிறது.
இது பட்டைச் செம்பு, மடித்து மடித்துச் செருகியது.
நவமணி நகத்தை நுழைத்துப் பார்த்தாள். நுழையவில்லை.
"நம்ம வைண்டிங்ல பேன் பாக்கலாம்" என்றாள்,
சிரிக்காமல்.

ரோட்டரை உருவும்போது காந்தம்
பன்னெண்டாம் நம்பர் ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டது.
ரெண்டு பேர் இழுத்தும் தரவில்லை.
அந்தக் காந்தத்துக்குத்தான் ஏப்ரலிலிருந்து
மெயில் போட்டுக்கொண்டிருக்கிறோம்.
அனுமதி வரவில்லை என்று பதில் வரும்,
கீழே ஒரு பூங்கொத்துப் படத்துடன்.

பின்பக்கத் தரையைக் கவிழ்த்தோம்.
ஒரே வார்ப்பு.
கட்டில் அகலம். ஒட்டு இல்லை, போல்ட் இல்லை.
நம் கார்களில் அதே இடத்தில் எழுபத்தோரு துண்டு.
எல்லாம் எனக்கு விலாசத்தோடு தெரியும்.
நாற்பதாவது, கணபதியில் பாதி இறக்கிய ஷட்டருக்குப் பின்னால்.
அறுபத்து மூன்று, அரசூரில் பங்காளிகள் கோர்ட்டுக்குப் போன ஷெட்.
ஏழு, எட்டு, ஒன்பது மூன்றும் வெள்ளிங்கிரி.
அழுத்திய மெஷின் ஒன்பதாயிரம் டன்னாம்.
கொண்டுவந்தாலும்
சுந்தராபுரம் முக்கில் திரும்பாது.

மூன்று தடவை கூட்டினேன்.
நாங்கள் அலுமினியக் கட்டி வாங்கும் விலைக்கே
அவர்கள் வார்த்து, சீவி, துடைத்து, கப்பலேற்றியிருக்கிறார்கள்.
"தப்பாக் கூட்டியிருக்கறீங்க" என்றார் வெள்ளிங்கிரி.
சித்த நேரம் கழித்து,
"ஏனுங்க, அவியெல்லாம் சோறு திங்கறதில்லையா?"

அதற்கு என் தாளில் கட்டம் இல்லை.
சர்க்கார் கொடுத்தது எவ்வளவு,
அடுக்குக் கட்டிலில் எத்தனை பேர் தூங்கினார்கள்,
எத்தனை கம்பெனி மூழ்கி இந்த ஒன்று மிதந்தது.
எக்செல் கேள்விக்குறியைக் கூட்டாது.
சுழி போட்டேன்.

பாங்காக்குக்கென்று செய்த கார்.
இதன் உடன்பிறப்புகள் பிரேசிலிலும் ஹங்கேரியிலும்
துறைமுகம் துறைமுகமாக வெயில் காய்கின்றன.
பேட்டரி வயரைத் தொட்டதும் ஒரு பெண்குரல் பேசியது.
ஜதின் சுற்றுமுற்றும் பார்த்தான்.
தாய்மொழிதான்,
தாய்லாந்தின் தாய்.

வெள்ளிங்கிரி கண்ணுக்கு ஒன்று மட்டும் பிடிபட்டது.
பேட்டரிக்குக் குளிர்நீர் ஓட்டும் குட்டிப் பம்பு.
உள்ளங்கையில் வைத்து இறக்கையைத் தடவினார்.
"நம்ம கிணத்துப் பம்போட குட்டியாட்டம் இருக்குதுங்க."
வாங்கிக்கொண்டு போனவர்
பத்தாம் நாள் பேப்பரில் சுற்றிக் கொண்டுவந்தார்,
சொந்த வார்ப்பு, இன்னும் சூடு ஆறாததுபோல் இரண்டு கையாலும்.

தராசில் பதினோரு கிராம் எச்சு.
"கணவாய்க் காத்துங்க. மண்ணு ஈரம் காஞ்சு போச்சு.
அடுத்ததுல சரியாயிரும்.
அவிய வெலையில எட்டு ரூவா கொறச்சே தாரனுங்க.
எத்தன வேணும்?"

"நாப்பதாயிரம்."

"வருசத்துக்குத்தானுங்களே?"

"வாரத்துக்குங்க."

அவர் பேப்பரை மறுபடி மடிக்கத் தொடங்கினார்.
கதவில்லாத, சக்கரமில்லாத,
பாதி எலும்பாய்க் கிடந்த கார்
அப்போது மறுபடி பேசியது, அதே வாக்கியம்.

"என்னதானுங்க சொல்லுது அந்தப் புள்ள?"

"தெரியலீங்க.
பத்து நாளா அதையேதான் சொல்லுது."