அதிகாலை 3:17

பத்திரிகை அடிக்கவில்லை.
பழைய கால அட்டவணையின் முதுகில்
ஓட்மார் பென்சிலால் எழுதினான்:
கடைசி டிராம் உள்ளே வந்த பிறகு,
முதல் டிராம் கிளம்புவதற்கு முன்.
இடையில் கிடைப்பது நாற்பத்தியொரு நிமிடம்.

“கல்யாணத்துக்கு அது போதுமா?” என்றாள் அவன் அக்கா ல்யூபா.
முந்தையதை ரத்து செய்யவே
எனக்கு இருபதுதான் ஆனது என்றேன்.
அவள் ஆறிப்போன தேநீரை ஊதிக்கொண்டே இருந்தாள்.

பிர்னோ நகரத்து டிராம்களில்
ஜனங்கள் விட்டுப்போவதையெல்லாம்
எண் ஒட்டி அடுக்குவது என் வேலை.
பல்செட்டு. ஒரு குதிரை குறைந்த சதுரங்கப் பெட்டி.
ஒருமுறை, சூடு ஆறாமல், முழு வாத்து வறுவல்.
மறந்தவர்களுக்கு ஞாபகம் வரும்வரை
காத்திருக்கச் சம்பளம்.

அவன் டிராம் ஓட்டுகிறான்.
அரை நிமிடம் பிந்தினால் அன்று இரவு சாப்பிடமாட்டான்.
பட்டியல் போட்டு உட்கார்ந்தோம்.
வெள்ளை உடுப்பை நான் அடித்தேன்.
நடனத்தை அவன் அடித்தான்,
நான் திரும்ப எழுதினேன்,
அவன் மறுபடி அடித்தான், தாள் கிழிந்தது.

வண்டி கழுவும் கூடம் என் யோசனை.
முப்பத்திரண்டு பேர் டிராமுக்குள்;
இருபுறமும் நீலத் தூரிகைகள் சுழல,
ஜன்னல்களைச் சோப்பு நுரை மூட,
வெளியே ஊரே இல்லாத அந்த நான்கு நிமிடத்தில்
நாங்கள் சம்மதம் சொல்வோம்.
மேற்கூரை ஒழுகும், வண்டிக்கு வயசாகிவிட்டது.
அதனால் ஏறும்போதே ஆளுக்கொரு குடை,
யாரும் கேட்டு வராத நூற்றுப்பதினாறில் இருந்து.

நகராட்சி அதிகாரி படிவத்தைப் பார்த்தார்.
இடம் என்ற கட்டத்தில் கழுவும் கூடம்.
நேரம் என்ற கட்டத்தில் 3:17.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.
பிறகு, குரலைத் தாழ்த்தி,
“கறுப்புக் குடை. கிளித்தலைப் பிடி.
மார்ச் மாதம், நாலாம் தடம்…
அங்கே இருக்கிறதா?”

இருந்தது. எண் 2071.
இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டார்:
குடைக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்று.

ஓட்மாரின் அம்மாதான் மசியவில்லை.
தட்டு உடைக்காமல் ஒரு கல்யாணமா?
சில்லுகளை இருவரும் சேர்ந்து பெருக்காவிட்டால்
குடும்பம் எப்படி நிற்கும்?
ஈரத்தரை, வழுக்கும், பீங்கான் வேறு.
சரி என்றோம்.
துடைப்பம் பணிமனையிலேயே இருக்கிறது.

அதற்கு இரண்டு நிமிடம் ஒதுக்கினான் ஓட்மார்.
ஆறு என்று மாற்றினேன்.
எனக்குத் தெரியும்,
இருக்கைக்கு அடியில்
எப்போதும் ஒன்று மிஞ்சியிருக்கும்.