பானட்டில் கை

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் அடியில்
பழைய கார் விற்கிற முற்றத்தில்
நான் முதலில் தொட்டது பானட்டை.
சூடு.
காலை ஏழரை. இரவெல்லாம் இடவப்பாதி மழை.
மற்ற பதினான்கு வண்டிகளின் முதுகிலும் துளிகள் அப்படியே நிற்க
இந்தக் கறுப்பு ஜெர்மன்காரி மட்டும்
உலர்ந்து கிடந்தாள்.

"இப்பதான் களுவி நிறுத்தினோம்" என்றார் பெனடிக்ட் ஜெயசிங்.
கழுவினால் உலருமா?
கேட்கவில்லை.
என் கூலி எழுநூற்றைம்பது, பஸ் காசு தனி.
அதற்கு நான் தருவது சந்தேகம் மட்டும்;
சண்டைக்கு வேறு ஆள்.

வாங்க வந்தவர் முட்டத்து ஃப்ளோரன்ஸ்.
இரண்டு விசைப்படகு, ஒரு ஐஸ் பிளான்ட்.
தடைக்காலம், படகுகள் கட்டிக் கிடக்கின்றன,
கையில் நேரம் இருக்கிறது,
பணமும் கொஞ்சம்.

மீட்டரில் நாற்பத்தோராயிரம்.
பிரேக் பெடலின் ரப்பரோ தேய்ந்து
வரிகளே இல்லாமல் வழுவழுவென்று.
ஓட்டுநர் இருக்கையின் வலது ஓரம்
ஏறி இறங்கி ஏறி இறங்கி வெடித்திருந்தது.
பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.
மீட்டரைத் திருப்பியவன் பெடலை மறந்துவிடுவான்,
இருபது வருடமாக இதுதான் என் சோறு.

ஆனால் சர்வீஸ் புத்தகம் பொய் சொல்லவில்லை.
திருவனந்தபுரத்து முத்திரை, தேதி, கையெழுத்து,
வருடத்துக்கு ஐயாயிரம், சில வருடம் அதுவும் இல்லை.
"டாக்டர் வண்டியாக்கும். ஒரே கை.
வடசேரி வீட்டிலிருந்து செட்டிக்குளம் ஆஸ்பத்திரி.
வேற எங்கயும் போகல்ல."
பெனடிக்ட் பெருமையாகச் சொன்னார்.
நோயே அதுதான் என்று அவருக்குத் தெரியாது.

ஆயில் குச்சியை உருவினேன்.
மேல் கோட்டையும் தாண்டி நின்றது.
யாரும் ஊற்றாமல் ஆயில் எப்படிக் கூடும்?
ஃப்ளோரன்ஸ் குச்சியை வாங்கி மோந்தார்.
"டீசல் மணக்குவு.
கட்டிப்போட்ட படகு மாதிரி.
ஓடாத எஞ்சினுதான் எங்களுக்குச் செலவு வைக்கும்."

சூடேறுமுன் அணைத்து, சூடேறுமுன் அணைத்து,
எட்டு வருடம்.
புகைக்குழாய் வடிகட்டியில் கரி அடைந்து,
எரிக்க அனுப்பிய டீசல் எரியாமல்
ஆயிலில் இறங்கியிருக்கிறது.
மெல்ல ஓட்டிய நல்ல மனிதர்.
ஒரு கீறல் இல்லை.

நாகர்கோவில் தாண்டிக் கொண்டுபோனோம்,
முப்பந்தல் காற்றாடிகளின் பக்கம்.
மூன்றாவது கியர், முள் இரண்டாயிரத்தைநூறில்,
இருபத்தைந்து நிமிடம் விடாமல்.
பிளாஸ்டிக் தீய்வதுபோல் ஒரு வாடை.
பிறகு மஞ்சள் விளக்கு அணைந்தது.
வண்டி லேசாகி
கால் வைக்குமுன் பாய்ந்தது.
"கொள்ளாம்!" என்றார் ஃப்ளோரன்ஸ்.

அப்போதுதான் கேட்டேன்,
முதலிலேயே கேட்டிருக்க வேண்டியதை:
"நீங்க தினமும் எங்க போவிய?"

"வீட்டிலிருந்து ஐஸ் பிளான்ட்.
ரெண்டு கிலோமீட்டர்."

காற்றாடிகள் சுற்றிக்கொண்டிருந்தன.
ஒன்று மட்டும் நின்றிருந்தது, அதையே பார்த்தேன்.
அவர் சிரித்துவிட்டார்.
"திங்களாழ்ச தோறும் இவளை இங்க கொண்டுவந்து
மூச்சு விட வைக்கியேன். போதுமா?"

போதாது. செயின் இருக்கிறது.
சூட்டில் அது வாய் திறக்காது.
இரவு முழுக்கக் குளிர்ந்து நிற்கும் எஞ்சின்
முதல் மூன்று விநாடியில் உளறுவதுதான்
சாட்சி.
ஆயிலை மாற்றி நிறுத்துங்க,
நாளை விடியுமுன் வருகிறேன்,
அதுவரை யாரும் தொடக்கூடாது என்றேன்.
"தொடமாட்டினும்" என்றார் ஃப்ளோரன்ஸ்,
பெனடிக்டைப் பார்க்காமல்.

மறுநாள் ஐந்தேகால். அன்றிரவு மழை இல்லை.
பூட்டிய கேட்டுக்குள்
படகு வேலை இல்லாத பையன் டெரின்,
காவலுக்கு அனுப்பப்பட்டவன்,
பானட்டின் மேல் மல்லாந்து தூங்கிக்கொண்டிருந்தான்.
எழுப்பி இறக்கினேன்.
"ஒருத்தரும் தொடல்ல அண்ணா, ராத்திரி பூரா நான் இதுக்க மேலதான்."

கை வைத்தேன்.
சூடு.

முதுகின் அளவுக்கு, மனித வடிவில்.
விளிம்புகளில் பனி.

சாவியைத் திருப்பிவிட்டு
எண்ணத் தொடங்கினேன்.