பதினோரு பாகை

வார்ப்பட்டை அறுந்தபோது இரவு பதினொன்றரை.
லிண்டன் தோப்பிலிருந்து கடைசித் தேன்பெட்டியையும் ஏற்றியாகிவிட்டது.
மாற்றுப்பட்டை இல்லை.
சேஸிஸில் கடை திறக்க எட்டு மணியாகும்,
அதற்குள் வெயில் ஏறி
வலைக்குள் தேனீக்கள் வெந்துவிடும்.
ஹெதர் பூத்திருக்கும் மேட்டுக்கு நாற்பத்தொரு கிலோமீட்டர்.

இங்மார்ஸ் சொன்னான்:
கனமான பெட்டிதானே, விஜா,
கனமானது நகராது.

நான் வாதாடவில்லை. ஒரு பலகை எடுத்தேன்.
காலிப்பெட்டியை அதன்மேல் வைத்து
ஒரு முனையை மெல்லத் தூக்கினேன்.
வழுக்கிய உயரத்தில் பென்சில் கோடு.
பிறகு அதே பெட்டிக்குள்
ஒரு செங்கல், ஜாக்கி, அவனுடைய இடதுகால் பூட்ஸ்.
தூக்கினேன்.
அதே கோடு.

கனம் கூடினால் பிடி கூடும்.
கூடிய பிடியை
கூடிய கனமே கேட்டு வாங்கிக்கொள்ளும்.
கணக்கில் இரண்டும் ஒன்றையொன்று தின்றுவிட,
மிஞ்சுவது
மரம் மரத்தைத் தொடும் இடம் மட்டும்.

டாஷ்போர்டுக்குள் மகளின் பாகைமானி கிடந்தது.
உலர்ந்த பலகையில் இருபத்திரண்டு.
பனி இறங்கிய, பெயின்ட் அடித்த மூடியில்
பதினொன்று.
கீழ் இரண்டு அடுக்குகளைப் பற்றிக் கவலையில்லை,
பிர்ச் மொட்டின் பிசினால்
தேனீக்களே ஒட்டிவைத்திருக்கின்றன.
மேலடுக்கு நேற்று வைத்தது.
அவற்றுக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை.

ஆக, பதினொன்று.
வினாடிக்கு வினாடி இரண்டு மீட்டருக்கும் குறைவாகத்தான்
வேகம் கூடலாம், குறையலாம்.
மீதி நாற்பது கிலோமீட்டரும்
அந்த ஓர் எண்ணுக்குள்.

உராய்வு ஒரு தடை என்று எழுதி
மதிப்பெண் வாங்கியவள் நான்.
இப்போது முதுகுக்குப் பின்னால்
அறுபது பெட்டிகளை முன்னே தள்ளிக்கொண்டு வருவது அதுதான்.
எஞ்சின் இழுப்பது வண்டித் தரையை.
தரை அடிப்பெட்டியை,
அடிப்பெட்டி அடுத்ததை,
கை மாற்றிக் கை மாற்றி மேலே.
கேட்ட அளவு கொடுக்கும், கணக்குப் பார்க்காது.
எல்லை தாண்டிக் கேட்டால்
அதுவரை கொடுத்ததிலும் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும்.
வழுக்கத் தொடங்கியதை
அதனால்தான் கெஞ்சி நிறுத்த முடிவதில்லை.

கிளட்சை விடுவதற்கு
ஒரு பெருமூச்சு நேரம் எடுத்துக்கொண்டேன்.
நாற்பதில் ஓட்டினேன்.
விளக்கு ஐம்பது மீட்டர் போகும்,
நிற்க நாற்பத்தாறு வேண்டும்.
ஒரு பால் லாரி ஹாரனடித்து எங்களைத் தாண்டிப் போனது.
போகட்டும். பால் தளும்பும், கொட்டாது.

பைன்காடு முடியும் இடத்தில்
சாலை நடுவே ஒரு பெண் எல்க்,
கால்களுக்கிடையில் குட்டி.

காலும் மூளையும் ஒருசேரக் கத்தின: அமுக்கு.
பாலாடை கிழியாமல் விரல் வைப்பதுபோல
பிரேக்கில் பாதம் வைத்தேன்.
பக்கத்தில் இங்மார்ஸ்
இல்லாத பிரேக்கை இரு காலாலும் மிதித்தான்.
அவள் அசையவில்லை.
அவளுக்கு எங்கள் எண் தெரியாது.
முப்பது. இருபது. பன்னிரண்டு.
கண்ணில் எங்கள் விளக்குகள் இரண்டும் தெரியுமளவு கிட்டத்தில்,
கடைசி ஒரு மீட்டரில்
நான் பொறுமை இழந்து அமுக்கினேன்.

பின்னால்,
நாற்காலி நகர்ந்தாற்போல் ஒரு சத்தம்.
பிறகு ரீங்காரம், ஒரு ஸ்வரம் உயர்ந்து.

அவள் குட்டியைக் கூட்டிக்கொண்டு
பள்ளத்தில் இறங்கிப் போனாள், அவசரமே இல்லாமல்.

மூன்றாம் வரிசையில் மேல்பெட்டி
இரண்டு விரற்கடை முன்னால் வந்திருந்தது.
இடுக்கு வழியே ஒரு தேனீ வெளிப்பட்டு
என் கையுறையில் நடந்து பார்த்தது.
தள்ளு, என்றேன்.
இங்மார்ஸ் ஈரத் தாரில் காலூன்றித் தள்ளினான்.
வலதுகால் நின்றது.
காலுறை மட்டும் போட்டிருந்த இடதுகால்
வழுக்கிக்கொண்டே போனது.

பூட்ஸ் எங்கே, என்றான்.
லிண்டன் மரத்தடியில்,
செங்கல்லோடு.