ஆறு பாட்டில்

சாடிவயலுக்கு மேலே முதல் பாட்டிலை முக்கியபோது
விரல் விறைத்தது.
யானையளவுப் பாறையைச் சுற்றி
யாரையோ திட்டிக்கொண்டே இறங்கியது தண்ணீர்.
நேரம்: 6.40.
நிறம் என்ற கட்டத்தில் எழுத ஒன்றுமில்லை.

பேரூர்ப் படித்துறையில் கல்
தேங்காயளவு ஆகியிருந்தது.
யாருக்கோ திதி.
எள் மிதக்காத இடமாகப் பார்த்து
இரண்டாவதை முக்கினேன்.

சூலூரில், ஆகாயத்தாமரைக்கு அடியில்,
ஆறு எந்தப் பக்கம் போகிறதென்றே தெரியவில்லை.
"ஒரு குச்சியப் போட்டுப் பாருங்க" என்றார்
ஜீப் ஓட்டிவந்த நாச்சிமுத்து.
போட்டோம்.
டீ குடித்து முடிக்கும்வரை
குச்சி யோசித்தது.

திருப்பூரில் அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக் கேட்டார்:
"இன்னைக்கு என்ன கலருங்க?"
நான் போட்டிருந்த பனியனின் கலர்.
படிவத்தில் நீலம் என்று மட்டும் எழுதினேன்.

ஒரத்துப்பாளையத்தில் மீட்டர்
ஆட்டோ மீட்டர் மாதிரி ஏறியது.
அணைச்சுவரில் வெள்ளையாக உப்பு.
ஒரு ஆடு நக்கிப் பார்த்துவிட்டு
எங்களைப் பார்த்தது.

நொய்யல் என்ற ஊரில் நொய்யல் முடிகிறது.
காலையில் யானையாக இருந்தது
இங்கே நொய்யரிசி,
விரலிடுக்கில் வழிகிற மணல்.
ஆறாவதை எங்கே முக்குவது?
காவிரியில் கலக்கும் முன்பா, கலந்த பின்பா?
படிவம் சொல்லவில்லை.

நாச்சிமுத்து வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.
முழங்கால் ஆழத்தில் நின்று சத்தம் போட்டார்:
"ஏனுங்க, இந்தக் கால் சுடுதுங்க,
அந்தக் கால் சில்லுனு இருக்குதுங்க!"
"அசையாம நில்லுங்க" என்றேன்.
இரண்டு கால்களுக்கும் நடுவே
பாட்டிலைக் கவிழ்த்து அமுக்கித் திருப்பினேன்.
குமிழி விட்டு விட்டு நிரம்பியது.

நேரம்: 5.10.
இடம் என்ற கட்டத்தில்
கால் என்று எழுதி
அடித்தேன்.